வார இறுதி அம்மா

கேத்தரின் ஒயிட்டைப் பற்றி யார் எழுதினாலும் முதல் வரியிலேயே ஓர் ஆண் வந்து உட்கார்ந்துகொள்கிறார். 'சார்லட்டின் வலை' என்ற குழந்தைகள் நாவலை எழுதிய ஈ. பி. ஒயிட்டின் மனைவி என்பார்கள். இல்லையென்றால் பேஸ்பால் பற்றி எழுதிப் பேர் வாங்கிய ரோஜர் ஏஞ்சலின் அம்மா. முப்பத்தைந்து வருஷம் 'நியூ யார்க்கர்' என்ற அமெரிக்க வாரப் பத்திரிகையின் கதைகளையும் கவிதைகளையும் பார்த்துத் திருத்திய ஆசிரியர் என்ற விஷயம் அதற்கப்புறம்தான் மெல்ல வரும். எனக்கு இதில் ரொம்ப நாள் கோபம். ஆனால் அவர் கதையை நானே சொல்ல உட்கார்ந்தால் குடும்பத்தைத் தள்ளிவைத்துவிட்டுச் சொல்லவும் முடியவில்லை. அந்தத் தடுமாற்றத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

பத்திரிகை 1925 பிப்ரவரியில் தொடங்கியது. ஆகஸ்டில் கேத்தரின் வந்து சேர்ந்தார். வந்த கைப்பிரதிகளைப் படித்துப் பார்க்கும் பகுதிநேர வேலைதான். வயது 32. வக்கீல் கணவர், இரண்டு குழந்தைகள். நிறுவனர் ஹெரால்ட் ராஸ் நடத்த நினைத்தது நகைச்சுவைப் பத்திரிகை. பள்ளிப் படிப்பை முடிக்காத, செய்தித்தாள்களில் அடிபட்டு வளர்ந்த மனிதர் அவர். கவிதை என்றாலே அவருக்குக் கொஞ்சம் உதறல். அந்த இடத்துக்குள் கனமான சிறுகதையையும் கவிதையையும் கொண்டுவந்ததில் கேத்தரினுக்குப் பெரும் பங்கு உண்டு. நபகோவ், எலிசபெத் பிஷப், மேரி மெக்கார்த்தி, ஜான் அப்டைக் என்று அவர் கடிதம் எழுதி எழுதிப் பிடித்துவைத்த எழுத்தாளர்களின் வரிசை நீளமானது.

தவறே செய்யாதவர் என்று சொல்லமாட்டேன். 1951இல் நபகோவ் அனுப்பிய 'வேன் சகோதரிகள்' கதையைத் திருப்பி அனுப்பினார். கடைசிப் பத்தியில் ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் கோத்துப் படித்தால் செத்துப்போன சகோதரிகள் பேசுவது தெரியும். அதுதான் கதையின் பூட்டு. அவருக்கு அது பிடிபடவில்லை. நபகோவ் நீளமாக ஒரு கடிதம் எழுதி விளக்க வேண்டியிருந்தது. எனக்கென்னவோ இதில் நான் கேத்தரின் பக்கம்தான். மேசையில் குவிந்து கிடக்கும் கதைகளுக்கு நடுவே எவர் உட்கார்ந்து முதல் எழுத்துகளைக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்?

ஈ. பி. ஒயிட்டும் அப்படி அவர் கண்ணில் பட்ட ஆள்தான். துண்டு துண்டாக எழுதி அனுப்பிக்கொண்டிருந்தவரை வேலைக்கு எடுங்கள் என்று ராஸிடம் சொன்னதே கேத்தரின். ஒயிட் அவரைவிட ஏழு வயது இளையவர். 1929இல் கேத்தரின் நெவாடா மாநிலத்து ரீனோ நகரில் போய்த் தங்கி விவாகரத்து வாங்கினார். நவம்பரில் ஒயிட்டோடு கல்யாணம். கல்யாணத்தன்று நாய்ச்சண்டை வேறு நடந்ததாம். அதைப் பெருமையாகவே சொல்லித் திரிந்தார் மாப்பிள்ளை.

சிரிப்பு அத்தோடு சரி. குழந்தைகள் அப்பாவிடம் போனார்கள். ரோஜருக்கு அப்போது வயது ஒன்பது. வாரநாளெல்லாம் அப்பா வீடு, வார இறுதியில் அம்மா வீடு.

இந்த இடத்துக்கு வந்ததும் வாசிப்பவர் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். 'அப்படியென்ன வேலை வேண்டிக்கிடக்கிறது' என்று வாய்விட்டே கேட்டவர்களும் உண்டு. ஹெரால்ட் ராஸ் மூன்று கல்யாணம் செய்தவர். அவருக்கும் ஒரு மகள் இருந்தாள். அவர் வாழ்க்கையைப் பேசும்போது மகளோடு எத்தனை நாள் இருந்தார் என்று எவரும் கணக்குக் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஆனாலும் அந்தப் பையனுக்கு வலித்திருக்காது என்று சொல்ல எனக்கு வாய் வராது. நியாயம் அம்மா பக்கம் இருந்தாலும் வாரத்தில் ஐந்து நாள் அம்மா இல்லாத வீடு, அம்மா இல்லாத வீடுதானே.

விட்டுக்கொடுக்காதவர் என்றும் அவரைச் சொல்லிவிட முடியாது. 1938இல் கணவர் நகரம் போதும், மெயின் மாநிலத்துப் பண்ணைக்குப் போவோம் என்றபோது கிளம்பிப் போனார். பாதி வேலையைத் தபாலில் செய்தார். அவர் கைப்பிரதிகளைத் திருத்திக்கொண்டிருந்த அதே பண்ணையின் களஞ்சியத்திலிருந்துதான் பன்றியும் சிலந்தியும் கணவரின் 'சார்லட்டின் வலை'க்குள் போயின. உலகத்துக்கே அந்தச் சிலந்தியைத் தெரியும். தபால் கட்டுகளைத் தெரிந்தவர்கள் குறைவு. போர்க்காலத்தில், ஆட்கள் படைக்குப் போய் அலுவலகம் காலியானதும், 1943இல் மறுபடி நியூயார்க் வந்து வேலையைத் தூக்கிச் சுமந்தார்.

ஓய்வு பெற்றபின் உடம்பு படுத்தியது. தோல் நோய், தேய்ந்த முதுகெலும்பு. அப்படியும் ஒவ்வோர் அக்டோபரிலும் பழைய மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, கையில் வரைபடத்தோடு தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அடுத்த வசந்தத்துக்கான பூக்கிழங்குகளை எங்கெங்கே புதைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பாராம். 1977இல் இறந்தார். தோட்டம் பற்றிய அவர் கட்டுரைகளைக் கணவர் 1979இல் நூலாகக் கொண்டுவந்தபோது, முன்னுரையில் எழுதியது இந்தக் காட்சியைத்தான். விதை நிறுவனங்களின் விலைப்பட்டியல்களைக்கூட ஓர் எழுத்தாளரின் நடைபோல விமர்சித்த கட்டுரைகள் அவை. அவர் பெயர் போட்டு வந்த ஒரே சொந்த நூல், அவர் போனபிறகு வந்தது.

ரோஜர் 1956இல் அதே பத்திரிகைக்குப் புனைகதை ஆசிரியராக வந்தார். அம்மா செய்த வேலை. பிற்பாடு அம்மாவின் பழைய அறையே அவருக்குக் கிடைத்தது. அங்கிருந்த சிறு அலமாரியைத் திறந்தால் உள்ளே ஒரு கண்ணாடி, அம்மாவின் முகப்பவுடர். தன் மனநல மருத்துவர் இதையெல்லாம் கேட்டு அசந்துபோனதை அவரே பின்னாளில் சிரித்துக்கொண்டு எழுதியிருக்கிறார். 2022இல், 101 வயதில் போனார்.

வாரநாளில் கிடைக்காத அம்மாவின் அறையில், வாரநாள் முழுக்க அவர் உட்கார்ந்து மற்றவர் கதைகளைத் திருத்திக்கொண்டிருந்தார்.