புழுதியில் போட்ட விதை

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு வீட்டு மாடியிலிருந்து செடிப் பைகளை மண்ணோடு இறக்கிக் குப்பை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் கத்தரி. இலை பச்சையாகத்தான் இருந்தது. "வச்சு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு தம்பி, ஒரு காய்கூடக் காணோம்" என்றார் அந்த வீட்டு அக்கா. நாற்று நட்டு முதல் பறிப்புக்கு எப்படியும் இரண்டு மாதம் ஆகும். மனசு கேட்கவில்லை. நான்கு பைகளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஐந்து வருடத்துக்கு முன் நானும் அப்படித்தான். பக்கத்து வீட்டுக் கறிவேப்பிலை மரத்தில் கறுப்பாகப் பழுத்திருந்த பழங்களைப் பிதுக்கி, அன்றைக்கே மூன்று விதை ஊன்றினேன். முளைக்க மூன்று வாரம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். பன்னிரண்டாம் நாள் பொறுக்க முடியாமல் விரலால் மண்ணைக் கிளறினேன். விதை பிளந்து, நுனியில் தையல் நூல் கனத்தில் வெள்ளையாக ஒரு வேர். விரல் பட்டதும் ஒடிந்தது. மேலே ஒன்றுமே தெரியாத அந்தப் பன்னிரண்டு நாளும் உள்ளே வேலை நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. இன்றைக்கு நினைத்தாலும் வலிக்கிறது.

மற்ற இரண்டும் முளைத்தன. ஒரு வருடத்தில் ஒரு சாண்தான் வளர்ந்தன. மார்கழிப் பனியில் இலை பழுத்துக் கொட்டி, வெறும் குச்சியாக நின்றன. பிடுங்கப் போனபோது அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். நகத்தால் தண்டை லேசாகக் கீறினார். உள்ளே பச்சை. "உசுரு இருக்குடா, விடு. தண்ணியை மட்டும் குறைச்சு ஊத்து" என்றார். மாசியில் துளிர்த்தது. இப்போது எங்கள் வீட்டுத் தாளிப்புக்குக் கடையில் கறிவேப்பிலை வாங்குவதில்லை.

அம்மாவுக்கு அந்த நிதானம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். எங்களுக்குத் திருவாடானைப் பக்கம். வானம் பார்த்த பூமி. அங்கே நெல்லைப் புழுதி விதைப்பாகத்தான் விதைப்பார்கள். புரட்டாசியில், மழை வருவதற்கு முன்பே, காய்ந்த மண்ணை உழுது புழுதியிலேயே விதையைத் தூவிவிடுவார்கள். பருவமழை ஐப்பசியில்தான் இறங்கும். அதுவரை எறும்பும் குருவியும் தின்றதுபோக மிச்சம் மண்ணுக்குள் கிடக்கும். அதனால்தான் விதையைத் தாராளமாகவே போடுவார்கள். அப்பத்தா முதல் பிடி விதையைக் கிழக்கே பார்த்துத் தூவி, "ஆத்தா, நீ பாத்துக்க" என்று சொல்வார். வேறு மந்திரம் கிடையாது. அப்புறம் வரப்பு வெட்டுகிற வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

எல்லா வருடமும் ஆத்தா பார்த்துக்கொண்டாள் என்று சொல்ல முடியாது. 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசே அறிவித்தது. விதை நெல் புழுதியோடு போனது. அடுத்த புரட்டாசியில் கடன் வாங்கி அதே வயலில் மறுபடி விதைத்தார்கள். நம்பிக்கை என்றால் எனக்கு அந்த இரண்டாவது விதைப்புதான் ஞாபகம் வரும். கேட்டது கிடைக்கும் என்ற நிச்சயம் அதில் துளியும் இல்லை. மழை வரும்போது மண்ணுக்குள் நம் விதை இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மாடியில் நாம் படுகிற பாடு அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஆனாலும் அதே பாடம் சின்ன அளவில் கிடைக்கிறது. இந்த ஆடியில் போட்ட புடலைக்கு முதலில் வந்தது அத்தனையும் ஆண் பூ. "மலட்டுக் கொடி, வெட்டிடுங்க" என்று நண்பர் ஒருவர் சொன்னார். வெட்டவில்லை. கொடியினத்தில் பலதுக்கும் ஆண் பூதான் முந்தி வரும். சில நாள் கழித்து, அடியில் குட்டிப் புடங்காயைத் தாங்கியபடி பெண் பூ வந்தது. புடலை பூப்பது பொழுது சாய்ந்த பிறகு. டார்ச் அடித்துப் பார்த்தால் இதழோரமெல்லாம் வெள்ளை நூல் நூலாகப் பிரிந்து தொங்கும். எங்கள் மூன்றாவது மாடிக்கு அந்துப்பூச்சி வருமோ வராதோ என்று, ஆண் பூவைப் பறித்து நானே மகரந்தத்தைத் தொட்டு வைத்தேன். மூன்று பூவில் ஒன்று பிடித்தது. இரண்டு மஞ்சளாகி உதிர்ந்தன.

செடி வைத்து இரண்டு மாதத்தில் ஓய்ந்துபோனவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று கேட்கிறேன். தூக்கிப் போடுவதற்கு முன் தண்டை ஒருமுறை நகத்தால் கீறிப் பாருங்கள்.

அந்தக் கத்தரிகளில் ஒன்று பட்டுப்போய்விட்டது. மற்ற மூன்றில் ஒன்றில் நேற்றுக் காலை ஊதா மொட்டு தெரிந்தது. அக்காவை மேலே கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.