அப்பா பெயரில் கார் காப்பீடு எடுப்பது ஆபத்து

கார் காப்பீடு பற்றி நான் படித்த ஒரு கட்டுரையில், புதிதாக ஓட்டுபவர்கள் பிரீமியத்தைக் குறைக்க அப்பா பெயரிலேயே காப்பீடு எடுக்கலாம் என்று ஒரு வரி வருகிறது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அப்பாவின் காரைப் பிள்ளை எப்போதாவது எடுத்தால், கூடுதல் ஓட்டுநராகச் சேர்ப்பது சரி. தினமும் ஓட்டுவது பிள்ளை, பாலிசியில் முதன்மை ஓட்டுநர் அப்பா என்றால் அது பொய்த் தகவல். பல நாடுகளில் கிளெய்மை மறுக்க அதுவே போதும்.

என் மகளுக்கு லைசென்ஸ் கிடைத்தபோது மூன்றாம் தரப்புக் காப்பீடே போதும் என்று நினைத்தேன். இரண்டாவது மாதமே தெருவோரம் நின்ற காரை யாரோ இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டார்கள். அந்தக் காப்பீடு நம்மால் பிறருக்கு நேரும் சேதத்துக்குத்தான். கதவும் பக்கக் கண்ணாடியும் மாற்றியது முழுக்கக் கைக்காசு. மகள் அன்று அழுதது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

நகரத்தில் காரைத் தெருவில் நிறுத்துபவர்கள் நம் காரின் சேதத்துக்கும் சேர்த்துப் பணம் தரும் முழுக் காப்பீடுதான் எடுக்க வேண்டும் என்பேன். பிரீமியத்தோடு, ஒவ்வொரு கிளெய்முக்கும் நாம் கட்ட வேண்டிய பங்கு எவ்வளவு என்றும் கேளுங்கள். புது ஓட்டுநர்களுக்கு அது பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். அந்தப் பங்கை உயர்த்தினால் பிரீமியம் குறையும், ஆனால் சின்னச் சின்ன இடிகளுக்குக் கிளெய்ம் போட்டும் எதுவும் கைக்கு வராது.