சிலாவோ ஆலையையும் பாருங்கள்

வெளிநாட்டுத் தொழிற்சங்கங்களுக்காக அமெரிக்க அரசு பணம் செலவிடுவது வீண் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு உடன்பாடில்லை. மெக்சிகோவின் சிலாவோவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை இருக்கிறது. 2021 ஏப்ரலில் சங்கமும் நிர்வாகமும் செய்துகொண்ட கூலி ஒப்பந்தத்துக்குத் தொழிலாளர்களிடம் வாக்கெடுப்பு நடந்தபோது, பழைய சங்கத்தின் வசமிருந்த வாக்குச் சீட்டுகள் அழிக்கப்பட்டதை அந்நாட்டு ஆய்வாளர்களே கண்டுபிடித்தார்கள். அமெரிக்கா, மெக்சிகோ, கனடா இடையிலான வர்த்தக ஒப்பந்தத்தின்படி அமெரிக்கா தலையிட்டது. ஆகஸ்டில் மறுவாக்கெடுப்பு, 2022 பிப்ரவரியில் சுயேச்சைச் சங்கத்துக்கு வெற்றி, மே மாதம் 8.5 சதவீதச் சம்பள உயர்வு! அந்த வர்த்தக ஒப்பந்தத்தை ஒட்டி மெக்சிகோ தொழிலாளர் திட்டங்களுக்கு அமெரிக்கா ஒதுக்கியது 18 கோடி டாலர். அங்கே கூலி அடிமட்டத்திலேயே கிடந்தால் அமெரிக்க ஆலைகள்தானே காலியாகும்?

அப்புறம், கட்டுரை தொடாமல் விட்ட ஒன்று. 1963இல் தென் அமெரிக்காவில் பிரிட்டனின் காலனியாக இருந்த பிரிட்டிஷ் கயானாவில் செட்டி ஜெகன் அரசுக்கு எதிராக நடந்த 80 நாள் வேலைநிறுத்தத்துக்கு அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவின் பணம் தொழிற்சங்கங்கள் வழியாகவே போனது. அதனால் சந்தேகம் வருவது நியாயம்தான். சரி, யாருக்கு எவ்வளவு போகிறது என்று பைசா சுத்தமாக வெளியிடச் சொல்லுங்கள். அதை விட்டுவிட்டு, 2025 மார்ச்சில் அமெரிக்கத் தொழிலாளர் துறையின் வெளிநாட்டு மானியங்களை ஒரேயடியாக நிறுத்தினார்கள். குழந்தைத் தொழிலாளர்களை மீட்கும் திட்டங்களும் அதோடு போய்விட்டன. அதுதான் மனதை அறுக்கிறது.