உப்பு போட்டால் உலை சீக்கிரம் கொதிக்குமா?

"உலை நீரில் உப்பு போட்டால் சீக்கிரம் கொதிக்கும், கேஸ் மிச்சம்" என்று ஒரு சமையல் குறிப்பு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு. ஆவியாகாத பொருள் கரைந்தால் நீரின் ஆவி அழுத்தம் (நீர் ஆவியாகி வெளியேறும் உந்துதல்) குறையும், அதனால் கொதிநிலை ஏறத்தான் செய்யும்.

எவ்வளவு ஏறும்? ஒரு கிலோ நீரில் ஒரு மோல் (துகள்களை எண்ணும் ஓர் அளவு) துகள்கள் கரைந்தால் கொதிநிலை 0.512 டிகிரி ஏறும்; இதுதான் நீரின் மோலால் ஏற்ற மாறிலி. ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி, அதாவது சுமார் 6 கிராம் உப்பு போட்டால் 0.1 மோல். உப்பு சோடியம் அயனி, குளோரைடு அயனி என இரண்டாகப் பிரிவதால் 2-ஆலும் பெருக்குங்கள்: 0.1 × 2 × 0.512, சுமார் 0.1 டிகிரி செல்சியஸ், அவ்வளவுதான்! ஒரு டிகிரி ஏற்றவே கிட்டத்தட்ட 58 கிராம் வேண்டும். அந்தச் சோற்றை வாயில் வைக்க முடியாது.

அப்புறம், சூடான நீரில் உப்பைத் தூவியதும் குபுகுபுவென்று பொங்குகிறதே? நம்மை ஏமாற்றுவது அந்தக் காட்சிதான். உப்புத் துகள்களின் சொரசொரப்பான பரப்பில் குமிழிகள் எளிதாக உருவாகின்றன. சில நொடிகளில் அடங்கிவிடும். அதனால் நீரின் வெப்பநிலை கூடுவதில்லை.

கேஸ் மிச்சமாக வேண்டுமா? பாத்திரத்தை மூடி வையுங்கள். குக்கரில் அழுத்தம் கூடுவதால் நீர் ஏறக்குறைய 120 டிகிரியில் கொதிக்கிறது. பருப்பு சீக்கிரம் வேகும். உப்பை ருசிக்குப் போடுங்கள்.