ஹோம்வொர்க் முடித்துவிட்டேன், நன்றி

கூட்டத்தில் எடுத்த அந்த குரூப் போட்டோவைப் பற்றிப் பேசக் கூடாது என்றுதான் இருந்தேன். எல்லோரும் பார்த்தாயிற்று. நடுவரிசையில் நான், ஸ்கூல் பிள்ளை மாதிரி முதுகில் பை. கீழே நம் நண்பர் போட்ட "மேடம், ஹோம்வொர்க் முடிச்சாச்சா?" அதற்கு வரிசையாக விழுந்த சிரிப்புப் பொம்மைகள். சிரித்தவர்களில் பாதிப் பேர் என்னோடு தினமும் பேசுகிறவர்கள். நானும் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். நாகரிகம் என்று ஒன்று இருக்கிறதே.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் பிறகு தனியாக ஒருவர், ரொம்ப அக்கறையோடு, "உங்க பொசிஷனுக்கு ஒரு நல்ல ஹேண்ட்பேக் வச்சுக்கலாமே மேடம், தப்பா எடுத்துக்காதீங்க" என்று செய்தி அனுப்பினார். தப்பாக எடுத்துக்கொண்டேன். அதனால்தான் இந்தப் பதிவு.

விஷயம் எளிது. எனக்கு இரண்டு தோள் இருக்கிறது, இரண்டு கை இருக்கிறது. தூக்க வேண்டிய சாமானும் இருக்கிறது. அந்தச் சாமானை இரண்டு தோளுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு இரண்டு கையையும் சும்மா விடுகிற ஒரு பை இருக்கிறது. அதை மாட்டிக்கொள்கிறேன். இதில் பொசிஷன் எங்கிருந்து வந்தது?

ஹேண்ட்பேக் வைத்துக்கொள்ளாதவள் இல்லை நான். வருடக்கணக்கில் வலது தோளில் ஒரு அழகான தோல் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தவள்தான். உள்ளே லேப்டாப், சார்ஜர், தண்ணீர் பாட்டில், குடை, மூக்குக் கண்ணாடி, மாத்திரை டப்பா, இரண்டு ஃபைல். லேப்டாப் ஒன்றரைக் கிலோ, ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. மற்றதை நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள். வார் நழுவும். நழுவாமல் இருக்கத் தோளைக் கொஞ்சம் தூக்கிப் பிடிப்போம். நாம் பிடிக்கிறோம் என்பதே நமக்குத் தெரியாது. நாள் முழுக்க அப்படியே இருப்போம்.

கழுத்து வலி தாங்க முடியாமல் பிசியோதெரபிஸ்ட்டிடம் போனபோது, அவர் முதலில் பையை நாற்காலியில் வைக்கச் சொன்னார். பிறகு கண்ணாடி முன்னால் நேராக நிற்கச் சொன்னார். நின்றேன். நேராகத்தான் நின்றேன். வலது தோள் இடதுதோளைவிட உயரமாக இருந்தது. பை நாற்காலியில் இருக்கிறது, தோள் இன்னும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது! கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும் அந்தத் தசையை அவர் விரலால் அழுத்தியதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "தோளை மாத்தி மாத்திப் போட்டா போதுமா?" என்று கேட்டேன். "ரெண்டுலயும் போடுங்க" என்றார். அவ்வளவுதான் வைத்தியம். அந்த வாரமே பேக்பேக் வாங்கினேன்.

"அது ஸ்கூல் பசங்க மாட்டுறது" என்பவர்களுக்காகக் கொஞ்சம் வரலாறு. ஹோம்வொர்க் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

1991-ல் ஆல்ப்ஸ் மலையில், இத்தாலி ஆஸ்திரியா எல்லையை ஒட்டிப் பனிக்குள் ஒரு மனிதரின் உடல் கிடைத்தது. ஓட்ஸி என்று பெயர் வைத்தார்கள். சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முந்தைய ஆள். அவருடைய சாமான்களோடு வளைத்த மரக்கம்பு ஒன்றும் சில பலகைத் துண்டுகளும் இருந்தன. முதுகில் சுமை தூக்கும் சட்டம்தான் அது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். சாகும்போது அவருக்கு வயது 45 வாக்கில். கிட்டத்தட்ட என் வயது. அவரை நிறுத்தி யாரும் எந்த வகுப்பு என்று கேட்டதாகத் தகவல் இல்லை.

இன்று மலையேறுபவர்கள் மாட்டும் பெரிய பைகளுக்கு வழி போட்டவர்களில் ஒருவர் அமெரிக்காவில் டிக் கெல்டி. 1952-ல் அலுமினியச் சட்டம் வைத்த பைகளை விற்க ஆரம்பித்தார். எடையைத் தோளிலிருந்து இடுப்புக்கு இறக்கலாம் என்பதை ஊருக்கெல்லாம் காட்டியது அந்தப் பைகள். சட்டத்தைச் செய்தது அவர், துணியைத் தைத்தது அவர் மனைவி. வரலாற்றில் யார் பெயர் முதலில் வருகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த விஷயத்துக்குப் பின்னால் வருகிறேன்.

பள்ளிப் பை என்றாலே நினைவுக்கு வருகிற அந்த ஜப்பானியத் தோல் பை இருக்கிறதே, ராண்டோசெரு, அதன் பூர்வீகம் ராணுவ வீரர்களின் முதுகுப்பை. டோக்கியோவின் ககுஷுயின் பள்ளி 1885-ல் அதைப் பிள்ளைகளுக்குக் கொண்டுவந்தது. ஆக, பெரியவர்கள் பிள்ளைகளிடமிருந்து பிடுங்கிக்கொண்டதல்ல இந்தப் பை. பிள்ளைகள்தான் பெரியவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள்.

இன்னொன்று. ஸ்வீடனில் 1978-ல் கோன்கென் என்று ஒரு பை வந்தது. இன்று ஃபேஷன் என்று பல ஊர்களில் மாட்டுகிறார்கள், சதுரமாக, மேலே இரண்டு கைப்பிடியோடு இருக்கும். ஒரு தோளில் பை தொங்கவிட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு முதுகுவலி வருகிறது என்ற கவலையில் செய்த பை அது. சரி. பிள்ளைகளுக்கு முதுகு உண்டு என்று ஒப்புக்கொள்கிறோம். அவர்கள் பை கனக்கிறது என்று பெற்றோர் கூட்டத்தில் சண்டை போடுகிறோம். உடல் எடையில் 10 முதல் 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வதை ஷேர் செய்கிறோம். அந்தப் பிள்ளை வளர்ந்து வேலைக்குப் போனதும் முதுகு உதிர்ந்துவிடுகிறதா? வேலை கிடைத்த அன்றைக்கே ஒரு தோளுக்கு மாறிவிட வேண்டும் என்று நியமன உத்தரவில் எழுதியிருக்கிறதா?

இனி ஆட்சேபணைகளுக்கு வருவோம். கேட்கத்தான் போகிறீர்கள்.

"ஃபார்மல் உடைக்குப் பொருந்தாது." பொருந்தாது. கோட்டின் தோள் நசுங்கும், முதுகில் வியர்வை பிடிக்கும், வார் உரசுகிற இடத்தில் துணி முடிச்சு முடிச்சாகும். ஒப்புக்கொள்கிறேன். ஒரு துணியின் தோள் நசுங்குவதற்கு வருத்தப்படுகிறவர்கள் அதற்குள் இருக்கிற தோளுக்கும் கொஞ்சம் வருத்தப்படலாம் என்பது என் தாழ்மையான கருத்து.

"கூட்டத்தில் திரும்பினால் பின்னால் நிற்பவர் முகத்தில் இடிக்கிறது." இது நியாயம், முழு நியாயம். பேக்பேக் மாட்டுகிறவர்களுக்கு முதுகுக்குப் பின்னால் இன்னொரு ஆள் அளவுக்கு உடம்பு வளர்ந்திருப்பது மறந்துபோகிறது. ரயிலில், பஸ்ஸில், லிஃப்ட்டில் ஏறுமுன் கழற்றிக் கையில் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் முன்பக்கம் மாட்ட வேண்டும். ஜப்பானில் ரயில் நிறுவனங்கள் இதைச் சொல்லியே அறிவிப்பு வைக்கின்றன. பல அருங்காட்சியகங்களில் முதுகில் மாட்டியபடி உள்ளே விடுவதில்லை. சரியான விதி. நான் முன்பக்கம்தான் மாட்டுகிறேன். அதற்கும் "என்ன மேடம், கங்காருவா?" என்று கேட்டவர் உண்டு. அவரும் நம் நட்பு வட்டம்தான். படித்துக்கொண்டிருப்பார், வணக்கம்.

"திருட்டுப் போகும், பின்னால் ஜிப்பைத் திறந்தால் தெரியாது." உண்மை. அதனால் பர்ஸையும் பாஸ்போர்ட்டையும் முதுகை ஒட்டியிருக்கிற உள் அறையில் வைப்பார்கள், வெளி அறையில் கைக்குட்டையை வைப்பார்கள். திருடிக்கொண்டு போகட்டும்.

"டிராலி இருக்கும்போது எதற்கு முதுகில்?" விமான நிலையத்தின் வழவழப்பான தரையில் டிராலியைப் போல் சுகம் கிடையாது. அந்தத் தரை முடிந்ததும்? படிக்கட்டு வரும். லிஃப்ட் வேலை செய்யாது. நடைபாதையில் பாதிக் கல் பெயர்ந்திருக்கும். சக்கரம் வைத்த பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு ஏறுகிறவர்களைப் பார்த்தால், அந்தச் சக்கரத்தின் எடையையும் சேர்த்துத் தூக்குகிறார்களே என்று பாவமாக இருக்கும். முதுகுத்தண்டில் பிரச்சினை இருப்பவர்களுக்கு, டாக்டர் தூக்காதே என்று சொன்னவர்களுக்கு, டிராலிதான் சரி. மற்றவர்கள் இரண்டு மூன்று நாள் பயணத்துக்கு 30, 35 லிட்டர் (பையின் கொள்ளளவை லிட்டரில்தான் சொல்வார்கள்) பையில் அடக்கிவிடலாம். பெரும்பாலும் விமானத்தில் தலைக்கு மேலேயே போய்விடும், இறங்கியதும் பெட்டிக்காக வளையத்தைச் சுற்றி நின்றுகொண்டிருக்க வேண்டாம்.

"பெண்களுக்கு நளினமாக இல்லை." இதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

சரி, சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கூட்டத்தன்று ஹோம்வொர்க் நண்பரின் போன் மதியத்துக்கு முன்பே செத்துப்போனது. யாருடைய சார்ஜரில் போட்டார்? இன்னொருவருக்குத் தலைவலி. மாத்திரை எந்தப் பையிலிருந்து வந்தது? பேச வந்தவருக்கு மேடையில் கையெழுத்துப் போடப் பேனா, ஒரு குழந்தைக்கு மூக்கு துடைக்க டிஷ்யூ, மழை வந்ததும் யாரோ ஒருவருடைய ஃபைலை நனையாமல் வைக்க இடம். எல்லாம் அந்த ஸ்கூல் பைதான். அப்போது யாரும் சிரிக்கவில்லை. "மேடம், உங்க பைல இருக்குமே" என்று உரிமையோடு வந்தார்கள். "இருக்குமே" என்பதில் இருக்கிற நம்பிக்கையைக் கவனியுங்கள்.

வீட்டிலும் இதே கதை. வெளியே கிளம்பும்போது ஒவ்வொருவராக வருவார்கள். இந்தத் தண்ணீர் பாட்டிலை உள்ளே வை, இந்த ஸ்வெட்டரை வை, என் பவர் பேங்க், என் கண்ணாடிக் கூடு. வைத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு முன்னால் நடப்பார்கள். கொஞ்ச தூரம் போனதும் திரும்பிப் பார்த்து, "ஏன் இவ்வளவு மெதுவா வர்றே? எதுக்கு இவ்வளவு பெரிய பை?" என்பார்கள்.

எதற்கு இவ்வளவு பெரிய பை!

கையை வீசி நடக்கிறவர்களுக்குப் பை சின்னதாகத்தான் இருக்கும். பர்ஸ், போன், சாவி, முடிந்தது. மிச்சத்தை வேறொருவர் தூக்குகிறார். அப்படித் தூக்குகிறவரைப் பார்த்து "நளினம் இல்லை" என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். இவ்வளவு நாள் ஒரு தோளில் நளினமாகத் தூக்கினேன், பிசியோதெரபிஸ்ட்டைத் தவிர யாரும் பாராட்டவில்லை. இப்போது இரண்டு தோளில் தூக்குகிறேன். தூக்குவதைக் குறை என்று யாரும் சொல்லவில்லை, கவனித்தீர்களா? தூக்கு, ஆனால் அழகாகத் தூக்கு என்கிறார்கள்.

"ஒரு ஜோக்குக்கு இவ்வளவு நீளமா?" என்று கேட்பவர்களுக்கு: ஜோக் அவர் உரிமை, நீளம் என் உரிமை. எனக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்று யாராவது எழுதினால், அதற்கும் சேர்த்து இங்கேயே சிரித்துவிடுகிறேன். ஹாஹா.

இதற்கு நடுவே எந்தப் பை வாங்கலாம் என்று இன்பாக்ஸில் கேட்டவர்கள் சிலர் இருக்கிறார்கள். கேலி செய்தவர்களில் ஒருவரும் அதில் உண்டு, பெயர் சொல்ல மாட்டேன். தினசரிக்கு 20 லிட்டர் சுற்றி இருந்தால் போதும். பெரிய பை வாங்கினால் அதை நிரப்பக் கை பரபரக்கும், வீட்டில் உள்ளவர்களுக்கும் பரபரக்கும். கடையில் காலிப் பையை மாட்டிப் பார்த்து நன்றாயிருக்கிறது என்று வாங்காதீர்கள், காலியாக எல்லாப் பையும் நன்றாகத்தான் இருக்கும். உங்கள் லேப்டாப்பையும் தண்ணீரையும் கொண்டுபோய் உள்ளே போட்டு, கடைக்குள்ளேயே நாலு சுற்று நடங்கள். கனமானது முதுகை ஒட்டி இருக்க வேண்டும். தள்ளி இருந்தால் அது பின்னால் இழுக்கும், நீங்கள் முன்னால் குனிவீர்கள். வாரை இறுக்கிக்கொள்ளுங்கள், பையின் அடி இடுப்புக்குக் கீழே ஆடக் கூடாது. நெஞ்சுக்குக் குறுக்கே வருகிற சின்ன வார் வைத்த பையாக இருந்தால் தோள்வார் நழுவாது. சின்னப் பைகளில் இடுப்பில் வருகிற மெல்லிய நாடா பை ஆடாமல் பிடிக்கத்தான், எடையைத் தாங்காது. அதற்குப் பஞ்சு வைத்த அகலமான பெல்ட் வேண்டும், பயணப் பையில் பாருங்கள். ஒரு தோளில் மட்டும் ஸ்டைலாக மாட்டுவதாக இருந்தால் வாங்கவே வேண்டாம்.

நிறம் உங்கள் இஷ்டம். என்னுடையது கறுப்பு, அழுக்கு தெரியாது. அடுத்த கூட்டத்துக்கும் அதுதான் வரும். அதில் என் சார்ஜர் மட்டும் இருக்கும்.