"பணி செய்ய விடாமல் தடுத்ததாக வழக்கு": ஒரே வரிக்குள் இரண்டு குற்றங்கள்

"போலீசாரைப் பணி செய்ய விடாமல் தடுத்ததாக வழக்குப்பதிவு." செய்தித்தாளில் அடிக்கடி பார்க்கும் வரி. ஏதோ கைகலப்பு போல என்று கடந்துபோய்விடுகிறோம். ஆனால் அந்த வரி இரண்டு தனித்தனிக் குற்றங்களைக் குறிக்கலாம். ஒன்று நடந்த இடத்தில் மற்றொன்றை எழுதுவதில்தான் அநியாயம் தொடங்குகிறது.

முதலாவது, இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 221-வது பிரிவு, பழைய இ.பி.கோ. 186. அரசு ஊழியரின் வேலைக்கு இடையூறு செய்வது. மூன்று மாதம் வரை சிறை அல்லது ரூ.2,500 வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீன் உண்டு. இரண்டாவது 132, எல்லோருக்கும் தெரிந்த பழைய 353. வேலையைத் தடுக்கும் நோக்கில் தாக்குவது, அல்லது குற்றமுறு வன்முறை காட்டுவது. இரண்டு ஆண்டு வரை சிறை, ஜாமீனில் விடமுடியாத பிரிவு. காயமும் பட்டிருந்தால் 121: சாதாரணக் காயத்துக்கு ஐந்து ஆண்டு வரை (2024 ஜூலைக்கு முன் மூன்று), கொடுங்காயத்துக்குக் குறைந்தது ஓர் ஆண்டு, அதிகபட்சம் பத்து.

தண்டனையை விடவும் முக்கியமான வித்தியாசம் ஒன்று இருக்கிறது. 221-ல் போலீஸ் தானாகக் குற்றப்பத்திரிகை போட்டு நடத்த முடியாது. சம்பந்தப்பட்ட அதிகாரியோ அவருடைய மேலதிகாரியோ மாஜிஸ்திரேட்டிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் வழக்கை எடுக்கும். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 215, பழைய சி.ஆர்.பி.சி. 195 சொல்வது இதுதான். 132-க்கு அந்தப் பூட்டு இல்லை. ஸ்டேஷனிலேயே எஃப்.ஐ.ஆர். போடலாம், கைது செய்யலாம், ரிமாண்டுக்கு அனுப்பலாம். வாய்த்தகராறுகூட 132 ஆக மாறுவதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை. குற்றத்தின் பெயரை மாற்றி எழுதி 195-ஐத் தாண்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1953-லேயே சொல்லிவிட்டது. ஆனால் அந்தத் தீர்ப்பு உதவிக்கு வருவதற்குள் ஆள் பத்து நாள் சிறையில் இருந்துவிடுவார்.

132 நிற்க வேண்டுமானால் உடல் சம்பந்தப்பட்ட ஒரு செயல் இருக்க வேண்டும். அடிக்கப்போவது போல முஷ்டியை ஓங்கினாலே அது தாக்குதல். சட்டமே உதாரணமாகச் சொல்வது அது. வெறும் வார்த்தை தாக்குதல் ஆகாது என்று தாக்குதலை வரையறுக்கும் பிரிவின் விளக்கம் சொல்கிறது. பெங்களூரு போக்குவரத்துப் போலீசின் முகநூல் பக்கத்தில் ஓர் அதிகாரி மிரட்டியதாக எழுதியவர்கள்மீது 353 போட்டார்கள். தாக்குதலும் இல்லை, வன்முறையும் இல்லை என்று 2015 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. முகநூல் பதிவுக்கே 353 போட முடிந்திருக்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள்.

நம் பக்கம் நடக்கும் தவறையும் சொல்ல வேண்டும். வண்டிச் சோதனையில் அதிகாரியின் கையில் இருக்கும் சலான் மெஷினைப் பிடித்து இழுத்தால், உடம்பைத் தொடாவிட்டாலும் அது வன்முறைக்குள் வரும். ஒருவர் அணிந்திருப்பதையும் கையில் வைத்திருப்பதையும் சட்டம் சேர்த்தே பார்க்கிறது. பேட்ஜைப் பிடுங்குவது, சட்டையைப் பிடிப்பது எல்லாம் அப்படித்தான். "அவர் செய்தது சட்டப்படி சரியில்லை, அதனால் தள்ளினேன்" என்ற வாதமும் பெரும்பாலும் எடுபடாது. அவர் நல்லெண்ணத்தோடு, பதவியின் பேரில் செய்திருந்தால், உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் இருந்தாலொழிய தற்காப்பு உரிமை கிடையாது. மப்டியில் வந்தவர் போலீஸ் என்று தெரியாமல் தடுத்தது வேறு கதை. அதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது.

எஃப்.ஐ.ஆர். கைக்கு வந்ததும் பிரிவு எண்ணைப் பார்த்துப் பதறாமல், எந்தக் கை, எங்கே, என்ன செய்தது என்று அதில் எழுதியிருக்கிறதா பாருங்கள். "தகாத வார்த்தைகளால் திட்டி, பணி செய்ய விடாமல் தடுத்து" என்பதோடு நின்றால் 132-க்கு அதில் சரக்கு இல்லை. 121-ம் சேர்த்திருந்தால் அரசு மருத்துவமனையின் காயப் பதிவேட்டு நகலில் (ஏ.ஆர். காப்பி) காயமும் நேரமும் பொருந்துகின்றனவா பாருங்கள். கொடுங்காயம் தவிர மற்றவற்றில் ஏழு ஆண்டுக்குக் குறைந்த தண்டனைதான். எனவே கைதுக்குப் பதில் ஏன் நோட்டீஸ் கொடுக்கவில்லை என்று ரிமாண்டின்போதே வழக்கறிஞர் கேட்க வேண்டும். அடிபட்டிருந்தால் அதையும் அங்கேயே மாஜிஸ்திரேட்டிடம் சொல்ல வேண்டும். எதிர்க்கடை கேமராப் பதிவு சில வாரங்களில் அழிந்துவிடும். அதைப் பாதுகாக்கச் சொல்லி முதல் வாரமே மனு போடுங்கள்.

2020 ஜூன் 19, சாத்தான்குளம். தந்தை, மகன்மீது போட்ட எஃப்.ஐ.ஆரிலும் 353 இருந்தது. அவர்கள் தரையில் புரண்டதால் காயம் என்று எழுதியிருந்தார்கள். வெளிவந்த கேமராப் பதிவு அந்தக் கதையோடு ஒத்துப்போகவில்லை. ஸ்டேஷன் கேமராவின் பதிவோ தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததாக விசாரித்த மாஜிஸ்திரேட் அறிக்கை கொடுத்தார். சில நாட்களுக்குள் இருவரும் இறந்துபோனார்கள். காவல் நிலையப் பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்ற உச்ச நீதிமன்ற உத்தரவு அதே ஆண்டு டிசம்பரில் வந்தது.

இதையெல்லாம் சொல்வதால் போலீஸ்காரர் அடிபட்டால் பரவாயில்லை என்று அர்த்தமில்லை. 2021 நவம்பரில் நவல்பட்டு சிறப்பு எஸ்.ஐ. பூமிநாதன், ஆடு திருடர்களை இரவில் தனியாக பைக்கில் விரட்டிப் போய், புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் அருகே வெட்டிக் கொல்லப்பட்டார். கொலைக்கான தண்டனை அன்றும் சட்டத்தில் இருந்தது. அவரோடு இன்னொரு ஆள்தான் இல்லை. போலீசைத் தாக்கினால் தண்டனையைக் கூட்ட வேண்டும் என்கிறவர்கள், இரவு ரோந்துக்கு இரண்டு பேர் கட்டாயம் என்று முதலில் கேட்கட்டும்.

132-க்கு ஆண்டைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். புகார் கொடுத்த அதிகாரியின் ஸ்டேஷனே அதை விசாரிக்கக் கூடாது. வழக்கு வேறு உட்கோட்டத்துக்குப் போக வேண்டும். உடல் கேமரா மாட்டியிருந்தவர் என்றால் அந்தப் பதிவு ரிமாண்ட் மனுவோடு மாஜிஸ்திரேட் மேசைக்கு வர வேண்டும். உண்மையில் அடிபட்ட போலீஸ்காரருக்கு அதைவிட வலுவான சாட்சி வேறு கிடைக்காது.