வெட்டித் தரும் மாத்திரையும் நஞ்சுக்கொடியும்

கர்ப்பிணி உட்கொள்ளும் மருந்துகள் கருவிலுள்ள குழந்தையை எட்டாதபடி நஞ்சுக்கொடி வடிகட்டிபோல நின்று காத்துவிடும் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வது பாதி உண்மைதான். இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் போன்ற மருந்துகளின் பெரிய மூலக்கூறுகள் அதைக் கடப்பதில்லை. ஆனால் 500 டால்டனுக்குக் (மூலக்கூறு எடையின் அலகு) குறைந்த எடையும் கொழுப்பில் கரையும் தன்மையும் கொண்ட மருந்துகள், இரத்தம் உறைவதைத் தடுக்கும் இன்னொரு மருந்தான வார்ஃபரின் உட்பட, தாயின் இரத்தத்திலிருந்து எளிதாகக் குழந்தையை அடைந்துவிடுகின்றன. எங்கள் மேலூர்ப் பக்கம், இடுப்புவலி என்று கேட்கும் கர்ப்பிணிக்கும் சில மருந்துக் கடைகளில் அட்டையிலிருந்து இரண்டு மாத்திரைகளைக் கத்தரித்துக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தத் துண்டில் மருந்தின் பெயர்கூட முழுதாக இருப்பதில்லை. அது ஐபுபுரோஃபென் என்ற வலிநிவாரணியாக இருந்து, கர்ப்பத்தின் 20 வாரங்களுக்குப் பிறகு உட்கொள்ளப்பட்டால், சிசுவின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டுப் பனிக்குட நீர் குறையலாம். கடைசி மூன்று மாதங்களிலோ, பிறந்த பின் மூட வேண்டிய இதயத்தருகே உள்ள இரத்தக்குழாய் கருவிலேயே சுருங்கிவிடவும் கூடும். வலிப்புக்கு மாத்திரை எடுக்கும் கர்ப்பிணிகள் இதைப் படித்துப் பயந்து தாமாக நிறுத்திவிட வேண்டாம். மருத்துவரைக் கேட்டே எதையும் மாற்ற வேண்டும்.